பந்தயம் முடிந்த பிறகு பந்தயம் பார்ப்பது எப்படி?

மோட்டார் பந்தயத்தில் புதிதாக ஆர்வம் வந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நேரலையில் பார்க்க முடியாவிட்டால் அப்புறம் பார்த்து என்ன பயன்? யார் ஜெயித்தார்கள் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்குமே?"

நியாயமான கேள்விதான். ஃபார்முலா 1 ஒரே ஆண்டில் மெல்போர்ன், சுசூகா, மொனாக்கோ, லாஸ் வேகாஸ் என்று உலகைச் சுற்றி வருகிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சில பந்தயங்கள் நடுராத்திரியிலோ விடியற்காலையிலோதான் வரும். வேலை, குடும்பம், உடம்பு எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் நேரலையில் பார்ப்பது யாருக்கும் முடியாத காரியம். பல சீசன்களாக நான் பார்த்த பந்தயங்களில் பெரும்பாலானவை பதிவுகள்தான். முழுப் பதிவாக, முடிவு தெரியாமல் பார்த்தால் நேரலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் அனுபவம். புதிதாகப் பழகுகிறவருக்கு நேரலையைவிட அதுவே நல்லது என்றும் சொல்வேன். ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

தாமதமாகப் பார்ப்பது இன்றைக்கு வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயமான இண்டியானாபோலிஸ் 500, 1971 முதல் 1985 வரை அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாக வரவில்லை. பகலில் நடந்த பந்தயத்தை அன்று இரவு பதிவாகத்தான் காட்டினார்கள். ரேடியோவில் மட்டும் நேரடி வர்ணனை உண்டு. ஆகவே முடிவு தெரியாமல் இரவு டிவி பார்க்க விரும்பியவர் அன்று முழுக்க ரேடியோ பக்கமே போகாமல் இருக்க வேண்டும். 1986இல் முதல் முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலை என்று ஏற்பாடு செய்தபோது மழை வந்து கெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய பந்தயம் அடுத்த சனிக்கிழமைதான் நடந்தது. இதில் இன்னொரு விசேஷம், பந்தயம் நடக்கும் இண்டியானாபோலிஸ் நகரவாசிகளுக்கு மட்டும் டிவி நேரலை அதன் பிறகும் பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. மக்கள் டிக்கெட் வாங்கி நேரில் வர வேண்டும் என்பதுதான் காரணம். 2016இல், 100ஆவது பந்தயத்தின்போதுதான் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். ஆக, உள்ளூர் ரசிகர்களில் ஒரு தலைமுறையே இந்தப் பந்தயத்தை டிவியில் பதிவாகப் பார்த்துத்தான் வளர்ந்தது.

ரீப்ளே என்றால் எது?

ரீப்ளே என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் புதியவர்களுக்குக் குழப்பம் வருகிறது.

முதலாவது, பந்தயத்தின் நடுவிலேயே ஒரு மோதலையோ முந்தலையோ திரும்பக் காட்டுவது. அது ஒளிபரப்பின் ஒரு பகுதி. இரண்டாவது ஹைலைட்ஸ், அதாவது ஒன்றரை மணி நேரப் பந்தயத்தைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கியது. மூன்றாவதுதான் முழுப் பதிவு. கார்கள் கிரிட்டில், அதாவது புறப்படும் இடத்தில், வரிசையாக நிற்பதிலிருந்து வெற்றி மேடை வரை நேரலையில் வந்தது எதுவும் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கும். இந்தக் கட்டுரையில் நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஹைலைட்ஸ் போதாதா என்று கேட்கலாம். முடிவைத் தெரிந்துகொள்ள மட்டும் என்றால் போதும். ஆனால் அதைப் பார்த்துப் பழகினால் பந்தயம் பிடிபடாது. ஹைலைட்ஸில் பத்தாவது இடத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒரு காரைத் திடீரென்று காட்டினால், அடுத்த சில விநாடிகளில் அதற்கு ஏதோ நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் நடக்காவிட்டால் எடிட்டர் அதைக் காட்டியிருக்கவே மாட்டார். முழுப் பதிவில் அப்படிக் கிடையாது. இருபது சுற்று ஒரு கார் இன்னொன்றின் பின்னாலேயே போகும், ஒன்றும் நடக்காது. இருபத்தொன்றாவது சுற்றில் நடக்கும். அந்த இருபது சுற்றையும் பார்த்திருந்தால்தான் இருபத்தொன்றாவது சுற்றின் அருமை தெரியும். "கார் சும்மா சுற்றிச் சுற்றி வருகிறதே, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களில் பலர் ஹைலைட்ஸ் மட்டும் பார்த்தவர்கள். வேகமும் மோதலும் அவர்களுக்குத் தெரியும், அவற்றுக்கு இடையில் ஓடும் கதை தெரியாது.

நேர அளவையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா 1 பந்தயம் 305 கிலோமீட்டரைத் தாண்டும் தூரம். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மொனாக்கோவில் மட்டும் தூரம் குறைவு, 260 கிலோமீட்டரைத் தாண்டினால் போதும். மோட்டோஜிபி பைக் பந்தயம் முக்கால் மணி நேரம்தான். நேரம் குறைவாக உள்ளவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

நிறுத்தி, பின்னால் போய், மறுபடியும்

பதிவின் உண்மையான பலம் கையில் இருக்கும் அந்த நிறுத்தும் பொத்தானில்தான் இருக்கிறது. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

வர்ணனையாளர்கள் அடிக்கடி அண்டர்கட் என்ற சொல்லைச் சொல்வார்கள். நேரலையில் அதைப் புரிந்துகொள்வதற்குள் அது நடந்து முடிந்துவிடும். முன்னால் போகும் காரை மணி என்பவரும் பின்னால் போகும் காரை வேலு என்பவரும் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் இடையில் 1.5 விநாடி. வேலுவால் தடத்தில் முந்த முடியவில்லை. 20ஆவது சுற்றின் முடிவில் வேலு டயர் மாற்ற, தடத்தை ஒட்டியுள்ள பிட் பாதைக்குள் போகிறார். மணி தேய்ந்த டயரோடு இன்னொரு சுற்று ஓடுகிறார். புது டயரில் ஓடும் வேலு அந்த ஒரு சுற்றில் 2 விநாடி மிச்சப்படுத்துகிறார். அடுத்த சுற்றில் மணியும், வேலுவுக்கு ஆன அதே நேரத்தில் டயர் மாற்றிவிட்டு வெளியே வருகிறார். பார்த்தால் வேலு அரை விநாடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். தடத்தில் ஒரு இடத்திலும் முந்தாமலே முந்திவிட்டார்.

இதைப் பதிவில் பார்க்கும்போது இப்படிச் செய்யுங்கள். வேலு பிட் பாதைக்குள் திரும்பும் நொடியில் நிறுத்துங்கள். திரையின் இடது பக்கம் வீரர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதில் இருவருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் டயரின் நிறத்தையும் பாருங்கள். ஃபார்முலா 1இல் சிவப்பு மென்மையான டயர், மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம். மழைக்குப் பச்சையும் நீலமும். பிறகு ஓட விடுங்கள். இரண்டு சுற்று கழித்து மறுபடி நிறுத்தி அதே பட்டியலைப் பாருங்கள். புரியவில்லையா, இரண்டு நிமிடம் பின்னால் போங்கள். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்தால் அண்டர்கட் ஆயுசுக்கும் மறக்காது. நேரலையில் ஒரு சீசன் முழுக்கப் பார்த்தும் எனக்குப் பிடிபடாதது, ஒரே ஒரு பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்த ஒரு மாலையில் பிடிபட்டது.

டயர் மாற்றும் காட்சியையும் ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 2023இல் கத்தாரில் மெக்லாரன் அணி நான்கு டயர்களையும் 1.80 விநாடியில் மாற்றியது. கண் சிமிட்டினால் போய்விடும். வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்தால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று பேர் நிற்பது தெரியும். ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியால் நட்டைக் கழற்றுகிறார், ஒருவர் பழைய சக்கரத்தை உருவுகிறார், ஒருவர் புதியதைப் பொருத்துகிறார். கார் நிற்பதற்கு முன்பே நட்டின் மேல் துப்பாக்கி போய் உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இன்னொரு விஷயம். ஒளிபரப்பில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் வரும். தடத்தில் எத்தனை கார்கள் ஓடினாலும் எதைக் காட்டுவது என்று இயக்குநர் ஒருவர்தான் அந்த நொடியில் முடிவெடுக்கிறார். 2021 மொனாக்கோ பந்தயத்தில், பிட் பாதையிலிருந்து வெளியே வந்த செபாஸ்டியன் வெட்டலும் பியர் காஸ்லியும் மேட்டில் பக்கத்துப் பக்கமாகச் சக்கரத்தோடு சக்கரம் ஏறிக்கொண்டிருந்தார்கள். மொனாக்கோவில் முந்துவதே அபூர்வம். சரியாக அந்த நொடியில் படம் மாறி, லான்ஸ் ஸ்ட்ரோல் ஓரத்து மேட்டில் ஏறி இறங்கியதைத் திரும்பக் காட்டியது. நேரலையில் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் போட்டியின் முக்கியமான பகுதியைத் தவறவிட்டார்கள். பிறகு பார்ப்பவருக்கு வேறு வழி இருக்கிறது. ஃபார்முலா 1இன் சொந்தச் சேவை 2018இல் தொடங்கியது. அது கிடைக்கும் நாடுகளில், முழுப் பதிவோடு ஒவ்வொரு காரிலும் பொருத்தியிருக்கும் ஆன்போர்டு கேமராவையும் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். இயக்குநர் காட்டாததை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவு காதில் விழாமல் இருக்க

இனி கஷ்டமான பகுதி. முடிவு தெரிந்துவிட்டால் முதல் முறை பார்க்கும் சுகம் போய்விடும், திரும்ப வராது. ஸ்பாய்லர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

செய்தி ஆப், சமூக ஊடகம் இரண்டிலும் நோட்டிஃபிகேஷனை நிறுத்த வேண்டும் என்பது தெரிந்ததே. பந்தயத்தை விரும்பும் நண்பர்கள் குழு இருந்தால் அதையும் அன்றைக்கு மட்டும் மௌனமாக்கிவிடுங்கள். இதெல்லாம் செய்துவிட்டுத்தான் ஒரு நாள் காலையில் பதிவைத் திறந்தேன். ஓட்டுவதற்கு முன்பே, முகப்புப் படத்தில் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி ஜெயித்தவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரம் காத்திருந்த பந்தயம் அது. மனசு விட்டுப்போய்விட்டது. அன்றிலிருந்து, பந்தயத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டேன். சேவையின் பந்தய அட்டவணை வழியாகப் போய், பட்டியலில் நேராக முழுப் பதிவைத் தொடுவேன். அது மட்டுமே ஓரளவு பாதுகாப்பு.

யாரும் எதிர்பார்க்காத ஸ்பாய்லர் ஒன்று இருக்கிறது. பதிவின் நீளம். இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய பதிவு நான்கு மணி நேரம் என்று காட்டினால், நடுவில் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பார்க்கத் தொடங்கும்போதே அது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கீழே நகரும் நேரக்கோடும் அப்படித்தான். இன்னும் பதினைந்து சுற்று இருக்கிறது என்று வர்ணனையாளர் சொல்கிறார், ஆனால் கோடு கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிட்டது என்றால், பந்தயம் பாதியில் நின்றுபோகப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. எனவே முழுத்திரையில் பாருங்கள், நேரக்கோடு மறைந்துவிடும். நிறுத்தும்போதும் பின்னால் போகும்போதும் ரிமோட்டிலோ கீபோர்டிலோ பத்துப் பத்து விநாடியாக நகருங்கள். கோட்டை விரலால் இழுக்காதீர்கள். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பதற்றத்தை அப்படியே காப்பாற்றித் தரும்.

ஓர் இரவு தாண்டினால் தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாளைக்கு மேல் தள்ளிப்போட்டு, முடிவு தெரியாமல் பார்த்த பந்தயம் எனக்கு அபூர்வம். தள்ளிப்போடுவதானால் மறுநாளைக்குள் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மறைத்தாலும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். நேரலையில் பார்த்த ஒரு நண்பரிடம், "எல்லோரும் நல்லபடியாக இருக்கிறார்களா?" என்று. அவர் ஆம் என்று மட்டும் சொல்வார், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். 2020 பஹ்ரைன் பந்தயத்தின் முதல் சுற்றில் ரொமான் குரோஜானின் கார் தடுப்பு வேலியில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. கிட்டத்தட்ட அரை நிமிடம் அந்த நெருப்புக்குள் இருந்துவிட்டு அவர் தானாக வெளியே வந்தார். அவர் உயிரோடு இருக்கிறார் என்பது உறுதியாகும் வரை ஒளிபரப்பில் அந்த விபத்தைத் திரும்பக் காட்டவில்லை. பெரிய விபத்துகளில் இதுதான் நடைமுறை. திரும்பக் காட்டுகிறார்கள் என்றாலே ஓட்டியவர் பத்திரமாக இருக்கிறார் என்று பழைய ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள். அது தெரியாத அந்த நிமிடங்கள் நேரலையில் மிகவும் கொடுமையானவை. பதிவில் பார்ப்பவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை. யார் ஜெயித்தார் என்ற ரகசியம் கெடாமல் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்வதில் தவறே இல்லை.

பதிவு முடிந்ததும் அதிகாரப்பூர்வ முடிவையும் ஒரு முறை சரிபாருங்கள். 2024 பெல்ஜியம் பந்தயப் பதிவில் முதலில் கோட்டைத் தாண்டுவது ஜார்ஜ் ரசல். வெற்றி மேடையில் நடுவில் நிற்பதும் அவரே. ஆனால் பிறகு எடைபோட்டுப் பார்த்ததில் அவருடைய கார் குறைந்தபட்ச எடையைவிட 1.5 கிலோ குறைவாக இருந்தது. தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். வெற்றி லூயிஸ் ஹாமில்டனுக்குப் போனது. பதிவை மட்டும் நம்பியவர் இன்னும் ரசல் ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

எப்போது நேரலை?

சாம்பியன் பட்டம் முடிவாகும் கடைசிப் பந்தயத்தை முடிந்தால் நேரலையில் பாருங்கள். 2008 பிரேசில் பந்தயத்தில் ஃபெலிப்பே மாசா முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார், அவருடைய அணியினர் பட்டம் கிடைத்துவிட்டது என்று கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். சில விநாடிகளில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஹாமில்டன் ஒரு இடம் முன்னேறி ஐந்தாவதாக வந்து, ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அப்படிப்பட்ட நாளின் முடிவு உங்களை எப்படியும் வந்து சேர்ந்துவிடும், ஒளிந்துகொள்ள இடம் இருக்காது.

இருபத்துநான்கு மணி நேரம் ஓடும் லெ மான்ஸ் கார் பந்தயம் வேறு ரகம். அதை நேரலையில் முழுக்கப் பார்ப்பவர்களும் நடுவில் தூங்கத்தான் வேண்டும். எனக்கு ஒத்துவந்த வழி, தொடக்கத்தின் முதல் மணி நேரம், நள்ளிரவில் ஒரு மணி நேரம், கடைசி மணி நேரம் இவற்றை மட்டும் பதிவில் பார்ப்பது. கடைசி மணி நேரத்தை மட்டும் விடாதீர்கள். 2016இல் முன்னணியில் இருந்த டொயோட்டா கார், பந்தயம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சக்தியிழந்து நின்றது, போர்ஷே ஜெயித்தது.

முடிவு தெரிந்த பிறகும்

சில பந்தயங்களை முடிவு தெரிந்த பிறகு பார்த்தால்தான் இன்னும் நன்றாக இருக்கும். 2011 கனடா அப்படிப்பட்டது. மழையால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று, மொத்தம் நான்கு மணி நேரத்தைத் தாண்டிய பந்தயம். ஃபார்முலா 1 வரலாற்றிலேயே மிக நீண்டது. ஜென்சன் பட்டன் ஜெயித்தார் என்று தெரிந்துகொண்டே பாருங்கள். தன் அணியைச் சேர்ந்தவரோடே மோதுகிறார், தண்டனை வாங்குகிறார், டயர் பஞ்சராகிறது, பந்தயம் பாதியைத் தாண்டிய நிலையில் கடைசி இடத்தில் இருக்கிறார். இவர் எப்படி ஜெயிக்கப்போகிறார் என்று ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலில் அவர் பெயரையே தேடுவீர்கள். கடைசிச் சுற்றில் முன்னால் போகும் வெட்டல் ஒரு வளைவில் உலர்ந்த தடத்தை விட்டு ஈரத்தில் வழுக்குகிறார், பட்டன் பக்கத்தில் கடந்து போகிறார். நான் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பார்ப்பேன்.

ஆனால் உங்கள் முதல் பதிவுக்கு அது வேண்டாம், முடிவை நானே சொல்லிவிட்டேன். 2020 இத்தாலி கிராண்ட் பிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மோன்சா தடம், 53 சுற்று. அதைப் பற்றி வேறு ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். தேடிப் பார்க்காமல், முகப்புப் படத்தைக் கவனிக்காமல், நேராகப் போய் முழுத்திரையில் ஓட விடுங்கள்.